அட்டை வீட்டுக்காரர்

குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒருவரிடம் போய், நீங்கள் இருக்கிற இடம் எப்படி என்று கேட்கக் கூடாது. நெல்லையப்பனின் மனைவி சசிரேகாவுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் மூன்று வருடமாக அவரிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு யாரிடம் கேட்பாள்?

ஒரகடத்தில் பிரேக் தட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் கடைசிப் பரிசோதனை மேசையில் இருந்தார். தட்டு வரும். திருப்பிப் பார்ப்பார், விரலால் தடவுவார், சுண்டி ஓசை கேட்பார். நல்லதென்றால் பச்சை டேக், கெட்டதென்றால் சிவப்பு டேக். எந்த டேக்கும் இல்லாமல் ஒரு சாமான் அநாதையாகக் கிடந்தால் அது யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் நேரே கழிவுத் தொட்டிக்குப் போகும். விசாரணை கிடையாது. கம்பெனியின் வேதத்தில் அது முதல் அதிகாரம். நெல்லையப்பன் அதை மனப்பாடமாக அல்ல, ரத்தத்தில் வைத்திருந்தார்.

ஊர்ப்பக்கம் அவர் வேலை பார்த்த இடம் மூடிக்கொண்டபோது, பாளையங்கோட்டையில் சசிரேகாவையும் மகள் கவியாவையும் விட்டுவிட்டுத் தனியாக இங்கே வந்தார். "மொதல்ல நான் போயிப் பாக்கேன். இடம் நல்லாருந்தா நீங்களும் வாங்க" என்பதுதான் அன்றைய ஏற்பாடு. வந்து சேர்ந்த இடம் படப்பைக்கும் மணிமங்கலத்துக்கும் நடுவில் இருக்கிற கற்பக விருட்சம் நகர். விருட்சம் நுழைவு வளைவில் சிமெண்டில் நின்றது. உள்ளே வேறு மரம் எதுவும் இல்லை.

கம்பெனியில் அவரைப் போன்றவர்களுக்கு ஒரு பெயர் உண்டு: ஃபோர்ஸ்டு பேச்சிலர். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, தலை நரைத்த பிறகும் பேச்சிலர் பட்டம் திரும்பக் கிடைப்பது இந்த வட்டாரத்தில் மட்டும்தான். பட்டத்தோடு சி ஷிஃப்ட் என்கிற ராத்திரி வேலையும் சேர்ந்து வரும். லைனில் இருக்கும் சிவசங்கர் மாதத்துக்கு இரண்டு தடவை வந்து தலையைச் சொறிவான். "சார், வூட்ல கொழந்தைக்கு உடம்பு சரியில்ல. நீங்க சிங்கிள்தானே, என் நைட்ட எடுத்துக்கிறீங்களா?" நெல்லையப்பன் எடுத்துக்கொள்வார். இப்படி எட்டுப் பேருடைய இரவுகள் அவர் கணக்கில் சேர்ந்தன. வீட்டில் காத்திருக்க ஆளில்லாதவனுக்கு எந்த ஷிஃப்டாக இருந்தால் என்ன என்று அவருக்கும் தோன்றியிருந்தது.

பகலில் தூங்க வேண்டுமே. கம்பெனியிலிருந்து பெரிய அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கிவந்து ஜன்னல்களை அடைத்துக்கொண்டார். காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை ஒரு தூக்கம், சாப்பிட்டுவிட்டு மூன்றிலிருந்து எட்டு வரை இன்னொரு தூக்கம். வீட்டின் பின்பக்கம் காலி மனை. அதைத் தாண்டினால் கம்பெனி பஸ் நிற்கும் இடம் இரண்டே நிமிடம். தெரு வழியாகப் போனால் ஐந்து நிமிடம். ஆக, மூன்று வருடமாக ஒவ்வொரு நடைக்கும் மூன்று நிமிடத்தை மிச்சம் பிடித்தார். மிச்சம் பிடித்த நிமிடங்களையும் தூங்கித்தான் செலவழித்தார்.

ஊருக்கு அவர் போன் வழியாக அனுப்பிய பரிசோதனை அறிக்கையும் மூன்று வருடமாக ஒன்றுதான். "இங்க ஆளே கெடையாது சசி. தெருவுல ஈ காக்கா இல்ல. வயசுப் பிள்ளைய வச்சுக்கிட்டு நீ இங்க வந்து என்ன செய்யப்போற?"

மே மாதம் கவியாவுக்குப் பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. வியாழக்கிழமை சசிரேகா கூப்பிட்டாள்.

"இந்தா பாருங்க. ப்ளஸ் ஒன் சேக்கணும். இங்கயா அங்கயான்னு திங்கக்கெழமைக்குள்ள சொல்லணும். இப்ப விட்டா இன்னும் ரெண்டு வருசம் அசைய முடியாது."

"நான்தான் சொல்லிருக்கேன்லா..."

"நீங்க சொன்னது வேண்டாம். அங்க குடியிருக்கவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க."

"நானும் இங்கதானட்டி குடியிருக்கேன்?"

"நீங்க அங்க தூங்கத்தான செய்யுதிய" என்றாள் சசிரேகா. போனை வைக்கும்முன் கொஞ்சம் தணிந்த குரலில், "கவியாவும் கேக்கா. அப்பா கூட எப்பத்தான் இருக்கப்போறோம்னு" என்றாள்.

அந்த ஒரு வாக்கியம் அவரை இரண்டு நாள் லீவு போட வைத்தது. லீவு கேட்டதும் சூப்பர்வைசர் பதறி, "சார், யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கரைக்கு நெல்லையப்பன் குளித்து, சட்டையை மாற்றிக்கொண்டு, கம்பெனி வழக்கப்படி ஒரு செக் ஷீட் தயாரித்தார். வெள்ளம், பாம்பு, பள்ளிக்கூட வேன், சாயங்காலத்தில் பெண்கள் நடமாட்டம், ஆஸ்பத்திரி, அக்கம்பக்கம். மொத்தம் ஆறு இனம். அட்டையில் கிளிப் போட்டு, பேனா சொருகிக்கொண்டு, மூன்று வருடத்தில் முதல் தடவையாக வீட்டின் பச்சை கேட்டைத் திறந்து தெருப்பக்கம் ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் இறங்கினார்.

இறங்கியவருக்குத் தப்பான தெருவுக்கு வந்துவிட்டோமோ என்று இருந்தது. தெரு முழுக்க ஆட்கள். காலை ஏ ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வாசலில் நின்றார்கள். இரண்டு பெண்கள் நடுத்தெருவில் நின்று கீரைக்கட்டை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். யாரோ ஒரு வீட்டின் மாடியிலிருந்து இன்னொரு வீட்டு மாடிக்கு, "டே சாம்சன், மோட்டார ஆஃப் பண்ணுடா, ரொம்பி வழியுது!" என்று கத்தினார். இத்தனை பேரும் இத்தனை நாள் எங்கே இருந்தார்கள்? இங்கேதான் இருந்தார்கள். அவர்தான் தூங்கிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பெண் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் சிலுவை, இடுப்பில் இன்னும் கழற்றாத கேன்டீன் ஏப்ரன். அவரையும் அட்டையையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா சார், ரேஷன் கார்டு கணக்கா?"

"இல்லம்மா." நான் உங்கள் பக்கத்து வீட்டுக்காரன், மூன்று வருடமாக இருக்கிறேன், இப்போதுதான் வெளியே வருகிறேன் என்று ஒரு மனிதனால் எப்படிச் சொல்ல முடியும்? நெல்லையப்பனின் வாயில் வேறொன்று வந்தது. "வீடு பாக்க வந்திருக்கேன். குடும்பத்தோட வரணும். இடம் எப்படின்னு விசாரிக்கலாம்னு..."

"எந்தக் கம்பெனி?"

சொன்னார்.

"எந்த ஷிஃப்ட்டு?"

"மாத்தி மாத்தி வரும்."

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டால் இந்தப் பக்கத்தில் பேர் கூடத் தேவைப்படாது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அவள் பேர் ரத்னா. வேறொரு கம்பெனி கேன்டீனில் வேலை. கணவர் தாவீது இந்த வாரம் பி ஷிஃப்ட் போயிருக்கிறார். கீரையை ஆய்ந்தபடியே நெல்லையப்பனின் ஆறு இனத்துக்கும் பதில் சொன்னாள்.

"மழையில தண்ணி நிக்குமா?"

இந்த வட்டாரத்தில் புரோக்கர்கள் காட்டுகிற எந்த மனையிலும் 2015 வெள்ளத்தில் தண்ணீர் நின்றதில்லை. ஏரியைத் திறந்துவிட்ட அத்தனை தண்ணீரும் வானத்துக்கே திரும்பிப் போய்விட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டும். ரத்னா அப்படிச் சொல்லவில்லை.

"நிக்கும் சார். முட்டி வரிக்கும் நிக்கும். ரெண்டு நாள்ல வடிஞ்சிரும். போன வர்சம் மழைல தெருவே எங்க மாடிலதான் கெடந்துச்சி. ஒரே அண்டால சாம்பார் சாதம். இவரு பாட்டு வேற பாடுறேன்னு உயிர வாங்கிட்டாரு."

"பாம்பு?"

"வரும். நாம ஒரு கத்து கத்துனா நாலு கம்போட எட்டு பேரு வருவாங்க. பாம்பே பாவம்னு இருக்கும்."

"சாயங்காலம் பொம்பளப் பிள்ளைங்க தனியா நடக்கலாமா?"

"தோ, பாக்கிறீங்களே." கீரைக்காம்பால் தெருவைக் காட்டினாள். "எந்த நேரமும் யாராச்சும் ஒரு ஷிஃப்டு முழிச்சிகினுதான் கீது. உங்களுக்குப் பொண்ணா?"

"பதினோராவது போகப்போகுது."

"கூட்டியாங்க சார். நல்லா இருக்கும்."

வேனையும் ஆஸ்பத்திரியையும் சேர்த்து நெல்லையப்பன் ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டுக்கொண்டே வந்தார். இத்தனை வருட அனுபவத்தில் ஒரு பெட்டியில் இத்தனை நல்ல சாமான் தொடர்ந்து வந்ததில்லை. கடைசி இனத்துக்கு வந்தார். அக்கம்பக்கம்.

ரத்னா கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தாள். குரல் தாழ்ந்தது.

"அல்லாம் நல்ல ஜனம் சார். ஒரே ஒரு வூடுதான்."

அவள் கண் பச்சை கேட்டின் மேல் போய் நின்றது.

"அதுல ஒத்தரு கீறாரு. மூணு வர்சமாச்சி, மூஞ்சிய சரியா பாத்தவங்க கெடையாது. ஜன்னலு பூரா அட்டை. பகல்ல குக்கர் விசிலு கேக்கும். ராத்திரி லைட்டு எரியாது. எங்க தெருவுல அட்டை வூட்டுக்காரருன்னுதான் சொல்லுவாங்க. பொண்டாட்டி தொரத்திட்டா போலன்னு ஒத்தரு சொல்றாரு. இல்ல, மூளை கொழம்பிருச்சின்னு ஒத்தரு. இவரு இன்னா சொல்றாரு தெரியுமா? சிஐடியாம்!" சிரித்தாள். "எங்க அண்ணன் பொண்ணு சோறு துண்ணலன்னா, அட்டை வூட்டுக்காரர கூப்புடட்டான்னு கேப்பேன். கப்புனு வாயத் தொறக்கும்."

தன்னுடைய பேரைச் சொல்லி ஒரு குழந்தை வயிறார சாப்பிடுகிறது என்பதில் சந்தோஷப்பட ஏதாவது இருக்கிறதா என்று நெல்லையப்பன் தேடிப் பார்த்தார். கொஞ்சம் இருந்தது. மீதியை விழுங்கிக்கொண்டு, "நைட் ஷிஃப்ட் ஆளா இருக்கும்மா. பகல்ல தூங்குவாரா இருக்கும்" என்றார்.

"இருக்கட்டும் சார், வேணாங்கல. இங்க நைட்டு பாக்காதவங்க யாரு? ஆனா நானும் மனுஷிதானே. வந்த மொத வர்சம் கிறிஸ்மஸுக்கு கல்கல் பலகாரமும் கேக்கும் செஞ்சி எடுத்துகினு போய் கதவ தட்னேன். தொறக்கல. தூங்கறாரு போலன்னு ஒரு கவர்ல போட்டு கேட்டுல மாட்டிட்டு வந்தேன். நாலு நாள் தொங்கிச்சி. ஞாயித்துக்கெழம பாத்தா குப்பைத் தொட்டில கீது. சரி, தெரியாம நடந்திருக்கும்னு அடுத்த வர்சமும் மாட்னேன். அதும் குப்பைல. போன கிறிஸ்மஸுக்கு வுட்டுட்டேன். மழைல கூட, உள்ள செத்துகித்து பூட்டாரோன்னு இவரு முட்டித் தண்ணில போய் கதவ இடிச்சிட்டு வந்தாரு. பதிலே இல்ல."

மழை வாரத்தில் அவர் கம்பெனியிலேயே மூன்று ஷிஃப்ட் சேர்ந்தாற்போல் இருந்துவிட்டார். அதற்குச் சாட்சி உண்டு. கவருக்கு?

நெல்லையப்பனுக்கு அந்த கவர் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் வாசல் பெருக்கப் போனபோது கேட்டில் வெள்ளை கவர் ஒன்று தொங்கியது. எறும்பு மொய்த்திருந்தது. பேர் இல்லை, எழுத்து இல்லை, யார் யாருக்கு வைத்தது என்று எந்த அடையாளமும் இல்லை. டேக் இல்லாத சாமான். இரண்டு வருடமும் கையும் காலும் தானாக வேலை செய்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. பத்தாயிரம் தட்டுகளில் ஒரு மயிரிழைக் கீறலைக் கண்டுபிடித்து மேனேஜரிடம் கைதட்டல் வாங்கிய கண்கள் அவை.

"இன்னா சார், மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சி? பயந்துக்காதீங்க. அந்த வூட்டுக்கு ஒட்டின போர்ஷன் மட்டும் வேணாம். வேற வூடு கீது. இருங்க, புரோக்கரையே கூப்புட்றேன்."

"வேண்டாம்மா, நான் அப்புறம்..."

அதற்குள் போன் போய்விட்டது. நழுவலாம் என்று நாற்காலியிலிருந்து எழுவதற்குள் ஸ்கூட்டரும் வந்துவிட்டது. ஆள் தேவைப்படுகிற நாளில் அரை மணி நேரம் காக்க வைக்கிற புரோக்கர் தசரதன், அன்றைக்கு நாலே நிமிடத்தில் வந்தார். காலை ஊன்றி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பார்ட்டியைப் பார்த்தார்.

"அட, நெல்லையப்பன் சாரு! இன்னா சார், காலி பண்றீங்களா? ஓனரு ஒண்ணும் சொல்லலியே?" பிறகு ரத்னாவைப் பார்த்து, "எங்கம்மா பார்ட்டி? வூடு கேட்டவங்க யாரு?" என்றார்.

தெருவில் யாரோ இன்னொரு வீட்டு மோட்டாரை அணைத்தார்கள். அதுவரை அது ஓடிக்கொண்டிருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

ரத்னா நெல்லையப்பனைப் பார்த்தாள். பச்சை கேட்டைப் பார்த்தாள். திரும்ப நெல்லையப்பனைப் பார்த்தாள்.

"நீங்களா?"

"நான்தாம்மா."

"இவ்ளோ நேரம் ஒக்காந்து கேட்டுகினு இருந்தீங்களே."

"சொல்லலாம்னுதான்..."

"பொண்டாட்டி தொரத்துனது, அது இதுன்னு நான் பாட்டுக்கு..." அவள் முகம் சிவந்து, பின் வேறொரு நிறத்துக்கு மாறியது. "ஏன் சார் குப்பையில போட்டீங்க?"

பொய் சொல்ல எத்தனையோ வழி இருந்தது. நெல்லையப்பனுக்கு அறிக்கையில் மட்டும் பொய் எழுத வராது. "என்னன்னு தெரியாம போட்டுட்டேன். எங்க வேலைல, பேர் எழுதாத சாமான்னா... தூக்கிப் போட்டிருவோம். பழக்கம்."

"பேர் எழுதி மாட்டணுமா?" என்றாள் ரத்னா. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டாள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தசரதன் ஒன்றும் புரியாமல், "போர்ஷன் ஒண்ணு கீது சார், பாக்கிறீங்களா?" என்றார்.

சனிக்கிழமை முழுவதும் நெல்லையப்பன் வீட்டுக்குள் இருந்தார். தூக்கம் வரவில்லை. பகல் வேளையில் தூங்காமல் இருந்தால் அந்த வீட்டில் எத்தனை சத்தம் கேட்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டில் தாவீது தொண்டையைச் செருமுவது, ரத்னா தாளிப்பது, இருவரும் எதற்கோ சண்டை போட்டு எதற்கோ சிரிப்பது. ஒரு செங்கல் கனத்துக்கு அந்தப் பக்கம் மூன்று வருடமாக ஒரு குடும்பம் நடந்துகொண்டிருந்திருக்கிறது. தன்னைப் பற்றியும் சிரிக்கிறார்களோ என்று காதை வைத்துக் கேட்டார். அவரைப் பற்றி எந்தப் பேச்சும் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

மதியம் சசிரேகாவைக் கூப்பிட்டார். இந்த இடம் மோசம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மானம் மிஞ்சும். யாரும் வரமாட்டார்கள், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. நல்ல இடம் என்று மட்டும் சொன்னால் ஜூன் மாதத்தில் கவியா இந்த வீட்டில் இருப்பாள். மறைக்க வேண்டியது கவர் கதையை மட்டும்தான். இரண்டில் எதையாவது சொல்லியிருக்கலாம்.

முழுவதையும் சொன்னார். ஆறு இனத்தையும், ஆறாவதில் தான் தோற்றதையும்.

அட்டை வீட்டுக்காரர் என்ற இடத்தில் சசிரேகா சிரித்தாள். கல்கல்லில் சிரிப்பு நின்றது.

"ஆளே கெடையாதுன்னு சொன்னிய."

"ஆமா."

"அத நம்பித்தான நாங்க இங்க இருந்தோம். மூணு வருசம்." அவள் குரல் உயரவில்லை. "அவ பெரிய மனுஷி ஆனப்ப கூட நீங்க ரெண்டு நாள்தான் இருந்திய."

நெல்லையப்பன் டிக் போட்ட செக் ஷீட்டைக் கையில் எடுத்தார்.

"இடம் நல்ல இடம் சசி. அதுல சந்தேகமே இல்ல. இப்ப வந்தா..."

"இடத்தையா நான் சந்தேகப்படுதேன்? நேத்து சாயங்காலம் ஒரு மணி நேரம் பாத்துட்டு நல்லதுங்கிய. மூணு வருசம் பாக்காமலே கெட்டதுன்னிய. எத வச்சு நான் பிள்ளைய இழுத்துக்கிட்டு வர?" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "இங்க பள்ளிக்கூடத்துலயே ஃபாரம் போடுதேன். ப்ளஸ் டூ முடிக்கட்டும்."

"அப்ப ரெண்டு வருசம்?"

"ரெண்டு வருசம். காலாண்டு லீவுக்கு வந்து பத்து நாள் இருக்கோம். அதுக்குள்ள..." அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. "அதுக்குள்ள மொதல்ல நீங்க அங்க குடி போங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு சிவசங்கர் போன் செய்தான். மாமியார் வந்திருக்கிறார்களாம், இன்றைக்கு நைட். நெல்லையப்பன், "முடியாதுப்பா" என்றார். எதிர்முனையில் அவன் போனைக் காதிலிருந்து எடுத்து நம்பர் சரிதானா என்று பார்த்திருக்க வேண்டும். "சார், நல்லாதானே இருக்கீங்க?" என்றான்.

முகம் கழுவிக்கொண்டு தெரு வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். என்ன சொல்வது என்று தயாரித்து வைத்திருந்தார். முதலில் மன்னிப்பு, பிறகு விளக்கம், கடைசியில் நன்றி. கதவைத் திறந்தது தாவீது. பனியன், லுங்கி, வாயில் பிரஷ். நுரையோடு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் பக்கத்து வீட்டு..."

"தெர்யும்." தாவீது எட்டித் துப்பிவிட்டு வந்தார். "சிஐடி இல்லியாமே. எனக்கு அதான் வருத்தம்."

"வந்து, முந்தாநாள் உங்க வீட்டம்மாகிட்ட..."

"அத்த வுடுங்க சார், லாரி வந்துகினு கீது. ஏழு மணிக்கு குடிதண்ணி லாரி. ஞாயித்துக்கெழம தவறாம வரும். டிரம் கீதா?"

"டிரம் இல்ல."

"மூணு வர்சமா இன்னாத்த குடிச்சீங்க?"

"கம்பெனிலருந்து பாட்டில்ல கொண்டாருவேன்."

தாவீது அவரைப் பார்த்த பார்வையில் கோபம் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலைப் பார்ப்பது போல் இருந்தது. "பக்கெட்டாவது கீதா?"

"ஒண்ணு இருக்கு."

"எடுத்தாங்க, ஓடுங்க."

நெல்லையப்பன் ஓடினார். நாற்பத்தெட்டு வயதில், குளியலறை பக்கெட்டைக் கழுவித் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார். முனையில் நீல டிரம்கள் வரிசையாக நின்றன; ஒவ்வொன்றிலும் பெயின்டில் வீட்டு எண். அவற்றுக்குப் பக்கத்தில் சர்ச்சுக்குப் போகக் கட்டிய சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு ரத்னா ஹோஸ் பிடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. நெல்லையப்பன் தாவீதின் டிரம்முக்குப் பின்னால் இருந்த சந்தில் பக்கெட்டை மெதுவாக நுழைத்தார்.

"சார்!" என்றாள் ரத்னா, தெரு முழுக்கக் கேட்கும்படி. "அங்க இல்ல. புதுசா வந்தவங்க கடைசி."

பக்கெட்டை எடுத்துக்கொண்டு நெல்லையப்பன் வரிசையின் கடைசிக்கு நடந்தார். அவருக்கு முன்னால் இருபத்தாறு டிரம் இருந்தது. நின்றார்.